“பொறுத்திடுக, டாக்டரே!”

ஏரியூரிலே நோய்வாய்ப்பட்டு, பென்னாகரம் கடந்து, தருமபுரி அரசு மருத்துவமனைக் கட்டிலிலே கிடக்கும் உழவன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துங்கள். மருத்துவர் வருவார், பார்ப்பார், அடுத்த கட்டிலுக்குச் சென்றிடுவார். இரவெல்லாம் அருகே விழித்திருப்பவர் யார்? செவிலியரன்றோ! அவர் கையிலே மருந்து. அந்த மருந்திலே அவன் உயிர். அந்த உயிரிலே ஒரு குடும்பத்தின் வாழ்வு!

மருந்துச் சீட்டிலே 1.0 என்று எழுதியிருக்க, புள்ளி மங்கிவிட்டால் அது 10 ஆகிவிடும். போனது ஒரு புள்ளி; புகுவதோ பத்து மடங்கு மருந்து! நாடகம் எழுதுபவன் நான். மேடையிலே நடிகன் ஒரு சொல்லை மறந்தால், உடன் நடிப்பவன் சமாளித்திடுவான். நோயாளிக்கு ஏது மறு ஒத்திகை?

“தவறியவரை வேலையைவிட்டு விரட்டு!” என்பர் சிலர். விரட்டினால் தவறு ஒழியுமா, ஒளியுமா? அமெரிக்க நாட்டு மருத்துவமனைகளிலே மருத்துவத் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை மாண்டிருக்கக்கூடும் என்று 1999-இல் அங்கே வெளியான அறிக்கை கணக்கிட்டது. செல்வச் சீமையிலேயே அந்நிலை! ஆளை மட்டும் பழிக்காதீர், அமைப்பைத் திருத்துவீர் என்பதே அதன் சாரம். 2005-இல் அங்கே செவிலியர் கல்வியிலேயே அத்திருத்தத்தைத் தொடங்கினர்: நோயாளியை நடுநாயகமாகக் கொள்ளல், கூடிப் பணியாற்றல், சான்றறிந்து செயல்படல், தரம் உயர்த்தல், பாதுகாப்பு, தகவல் நுட்பம் என ஆறு திறன்களை வகுத்தனர்.

நமக்கென்ன குறைவு? வேலூரிலே செவிலியர் பள்ளி தோன்றியது 1909-இல்; பட்டப்படிப்பு மலர்ந்தது 1946-இல். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்திலே, தொற்றுத் தடுப்பும் பாதுகாப்பும் பாடமாயின. பொம்மையுடல் கொண்டு பழகும் செய்முறைப் பயிற்சியும் இடம்பெற்றது. ஏட்டிலே ஏறிவிட்டது, ஏட்டிலிருந்து கட்டிலருகே இறங்கிட வேண்டாமா?

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒப்பித்து மதிப்பெண் பெறுவதோடு கல்வி முடிந்திடாது. “பொறுத்திடுக, டாக்டரே! இந்த அளவு சரிதானா?” என்று கேட்கும் நெஞ்சுரம் வேண்டும், கேட்டவரை ஏசாத பண்பு வேண்டும், நேர்ந்த பிழையை மறைக்காது உரைத்திடும் நேர்மை வேண்டும். பணிந்து நிற்க மட்டும் பழக்கிய கல்வி, பிழை கண்டும் வாய் மூடி நிற்கவே வைக்கும்!

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர்ப் பிள்ளை செவிலியர் கல்லூரியில் சேரச் செல்கையிலே, கட்டணம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர். ஓர் ஆசிரியருக்கு மாணவர் எத்தனை பேர்? பயிற்சிக்கு நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை உண்டா? செய்முறைக் கூடம் பூட்டிக் கிடக்கிறதா, புழக்கத்திலே இருக்கிறதா? கேளுங்கள்!

கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் கேட்கிறேன். கல்லூரிகள் விடை பகரட்டும்!