பனியனில் மாட்டும் நகம்

பூனையைத் தூக்குவதில் திருப்பூர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. முதலாளி முதல் கைமடி ஆள்வரை இங்கே உடம்பில் இருப்பது பெரும்பாலும் பனியன் துணி. தறியில் நெய்த துணியில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னல் துணி முழுக்க வளையம். பூனை நகமோ கொக்கி. மார்போடு அணைத்த பூனை மிரண்டு காலை உதறினால் நகம் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. மாட்டியதால் இன்னும் மிரள்கிறது. அப்போது பூனையைப் பிய்த்தெடுக்கப் பார்த்தால் டி-சர்ட்டும் போகும், தோலும் போகும். உடம்பை அசையாமல் தாங்கிக்கொண்டு, மாட்டிய பாதத்தை மட்டும் துணியை நோக்கி மெல்ல முன்னே தள்ள வேண்டும். கொக்கி தானே கழன்றுவிடும்.

பனியன் கம்பெனிக்குள் பூனை எதற்கு என்று கேட்கலாம். எலி இருக்கும் இடத்துக்குப் பூனை வரும். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைவிட வெதுவெதுப்பான படுக்கை ஊரில் வேறெங்கும் கிடையாது. குட்டி போடவும் அந்த மூட்டை இடுக்குதான். எலிக்காகப் பூனையைப் பொறுத்துக்கொள்கிற குடோன்காரர், பையர் ஆடிட்டுக்கு ஆள் வருகிறார் என்றதும் பதறிவிடுகிறார். உடைந்த ஊசிக்கே நோட்டுப் போட்டுக் கணக்கு வைக்கும் தொழில் இது; பேக்கிங் டேபிளில் பூனை முடி இருந்தால் யார் பதில் சொல்வது? அந்த அவசரத்தில்தான், “கழுத்தைப் புடிச்சுத் தூக்குங்க, அடங்கிக்கும்” என்று யாராவது ஒருவர் குரல் கொடுக்கிறார்.

அடங்குவதுபோலத் தெரிவது உண்மை. தாய்ப்பூனை குட்டியின் பிடரியைக் கவ்வினால் குட்டி உடம்பைச் சுருட்டிக்கொண்டு தொங்குகிறது. ஆனால் அது சில நூறு கிராம் எடையுள்ள குட்டி. வளர்ந்த பூனை நாலு கிலோ இருக்கும். அத்தனை எடையும் கழுத்துத் தோலில் தொங்கினால் வலிக்கும். தூக்காமல் பிடரியை இறுக்கினால் மட்டும் போதாதா என்ற கேள்விக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2008ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் பிடரியில் கிளிப் மாட்டிப் பார்த்து, பல பூனைகள் அமைதியாகிவிடுவதாக எழுதினார்கள். 2020ல் கனடாவின் குயெல்ப் பல்கலைக்கழகத்தார் பூனையின் காதையும் கண்ணையும் கவனித்து, அந்த அமைதியைச் சந்தேகிக்க வைத்தார்கள். கிளிப்பும் முழு உடம்பையும் அமுக்கிப் பிடிப்பதும்தான் பூனைகளை அதிகம் கலவரப்படுத்தின. பிடரியைப் பிடிப்பதும் நல்லதாக வரவில்லை. லேசாகக் கை வைத்து, பூனையை அதன் போக்கில் இருக்கவிட்டபோதுதான் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது. பிடி இறுக இறுகப் பூனை பணியும் என்பது மனிதரின் ஆசை, அவ்வளவே.

முன்னங்கால்களை மட்டும் பிடித்துத் தூக்குவதும் ஆகாது. பூனையின் காறை எலும்பு மிகச் சிறியது. வேறெந்த எலும்போடும் அது சேர்ந்திருக்கவில்லை. முன்னங்காலை உடம்போடு பிணைத்திருப்பது தசைதான். எனவே பக்கவாட்டில் குனிந்து, முதலில் விரலை மோந்து பார்க்கவிட்டு, ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியிலும், மறு கையைப் பின்பாகத்துக்கு அடியிலும் கொடுக்க வேண்டும். தூக்கிய உடனே நம் உடம்போடு சேர்த்துக்கொள்வது நல்லது. பின்னங்கால்களுக்கு முன்கையில் ஊன்ற இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தரத்தில் தொங்கும் கால்தான் பிறாண்டும். கைக்குழந்தைபோல மல்லாத்திப் போடுவது போட்டோவுக்கு அழகு, பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது. வால் அடிக்கிறதா, காது படிகிறதா, முதுகுத்தோல் துடிக்கிறதா, அப்போதே குனிந்து நாலு காலும் தரையில் படும்படி இறக்கிவிட வேண்டும். மேலிருந்து நழுவவிட்டால் அடுத்த முறை கைக்கு வராது.

இதெல்லாம் பழகிய பூனைக்கு. மூட்டைக்குள் சீறிக்கொண்டிருக்கும் தெருப்பூனையைத் தூக்கவே கூடாது. மெஷின் சத்தம் அடங்கிய சாப்பாட்டு நேரத்தில், காலி அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஃப்ளீஸ் துணி விரித்து, தீனி வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். பல பூனைகள் தாமாகவே உள்ளே போய்விடும். குட்டி போட்டிருந்தால் அந்த மூலையை மறித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆடிட்காரருக்கு விளக்கம் சொல்வது கடிபடுவதைவிட எளிது.

கடிபட்டால்? பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கிருமி தங்கி மறுநாளே கை வீங்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் நாய்க்கடியில் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். ஒரு காலத்தில் இதற்கு வைத்தியம் பார்க்க இமாசல மலையில் இருக்கும் கசௌலிவரை போக வேண்டியிருந்தது. அங்கே பாஸ்டியர் நிலையம் 1900ல் வந்தது. 1907ல் குன்னூரிலேயே ஒன்று தொடங்கியபின் தெற்கே உள்ளவர்களுக்கு அந்த அலைச்சல் தீர்ந்தது. இன்று தடுப்பூசி அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. ரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவார்கள். ஷிப்ட் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு இந்த நாலு நாளும் கூலிப் பிடித்தம். கம்பெனிக்குள் கம்பெனிப் பூனை கடித்ததற்கு அந்த நாலு நாள் கூலியைக் கம்பெனி கொடுப்பதுதான் நியாயம். கொடுக்காவிட்டால், முதல் ஊசிக்கு ஓடுகிறவர் மூன்றாம் நாள் ஒன்றரை ஷிப்டுக்கு டேபிளில் உட்கார்ந்துவிடுவார்.