வில்லன் பேச வேண்டிய வசனம்

தோழரே! காதல் நாவல் படிக்கும் பெண்களைக் கண்டால் கைகொட்டிச் சிரிக்கும் மேதாவிகள் எந்நாட்டிலும் உண்டு. அற்பக் கதை, அறிவிலிகளின் பொழுதுபோக்கு என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். படித்துப் பார்த்தா ஒதுக்கினர்? இல்லை, அதுதான் வேடிக்கை!

நான் படித்தேன். இலண்டனில் 1908-ல் தோன்றி, 1930-களில் வாடகை நூலகங்களின் வழியே இல்லந்தோறும் நுழைந்த மில்ஸ் அண்டு பூன் பதிப்பகத்தின் பழைய ஏடுகளைத்தான் சொல்கிறேன். 1971-ல் கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம் அதை வாங்கிற்று. கதை எப்படி ஓடும்? அவன் முதலாளி, அல்லது பெரிய மருத்துவன், செல்வன், சீறுபவன். அவள் செயலாளர், அல்லது செவிலி, இளையவள், எளியவள். அவன் ஏசுவான், அவள் கலங்குவாள். அவள் வேண்டாம் என்பாள், அவன் முத்தமிடுவான். அதற்குப் பெயர் காதலாம்! கடைசிப் பக்கத்தில் மோதிரம் விரலேறும். பல கதைகளில் அவள் பார்த்த வேலை அத்தோடு போகும். நாடகம் எழுதுகிறவன் நான். வில்லனுக்கென்று நான் எழுதும் வசனத்தை அங்கே கதாநாயகன் பேசுகிறான்!

அந்த வரிசையில் எழுதிப் பேர்பெற்ற வயலட் வின்ஸ்பியர், தம் நாயகர்கள் பலாத்காரத்துக்கும் துணியக்கூடியவராக இருக்க வேண்டும் என்று 1970-ல் வெளிப்படையாகவே கூறினார். கண்டனம் குவிந்தது.

ஆயினும் படித்த பெண்கள் இதையெல்லாம் அப்படியே விழுங்கினரா? அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, ஊகித்து எழுதாமல் வாசகியரிடமே சென்று கேட்டார், 1984-ல் நூலாக்கினார். கொடுமைக்கார நாயகன் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றனர் அப்பெண்கள். பின் ஏன் படிக்கிறீர்கள்? ஏடு கையில் இருக்கும் நேரம் எங்கள் நேரம் என்றனர். சமையலும் துவையலும், கணவன் குரலும் குழந்தை அழுகையும் சற்றே எட்டி நிற்கும் நேரம்! ஏட்டை மூடியபின் அதே அடுப்படிக்குத்தானே திரும்புகின்றனர் என்று ராட்வே ஐயுற்றார். நியாயமான ஐயம். ஆனால் அந்தக் குற்றம் ஏட்டினுடையது மட்டுமா?

அந்த ஏடுகள் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தன. 1990-களில் ஐதராபாத்தில் அவற்றைப் படித்த இளம்பெண்களை ராதிகா பரமேஸ்வரன் ஆராய்ந்தார். வீட்டார் வாய்திறந்து சொல்லாத ஆண்–பெண் உறவுச் செய்திகளை அவர்கள் அங்கே தேடியிருந்தனர். வீடு பேசியிருந்தால் நாவலிடம் ஏன் போகிறார்கள்?

அவர்களில் பலர் இன்று நடுவயதை எட்டியிருப்பர். பழைய ஏடுகளை மறுபடி புரட்டும் இக்கால வாசகியரில் சிலர் வெகுண்டு வீசுகின்றனர். சிலர் நாயகனைத் திட்டிக்கொண்டே பத்திரப்படுத்துகின்றனர். இரு சாராரையும் நான் மதிக்கிறேன். சிரிக்கும் மேதாவியைத்தான் மதிக்க இயலவில்லை.

பெண்ணுரிமைக் கூட்டம் முடித்து, நள்ளிரவில் கதவு தட்டி, சோறு ஆறிவிட்டதென்று முகம் சுளிக்கும் தோழரே! உம் இல்லத்திலும் தலையணைக்கடியில் ஒரு காதல் நாவல் இருக்கக்கூடும். பிடுங்கி எறியாதீர். அதைப் படிக்க அவருக்கு எத்தனை மணிக்கு ஓய்வு கிடைக்கிறது என்று கேளும்.