டேங்க் ஃபேக்டரியில் நம்ம பங்கு

ஆவடியில் 'டேங்க் ஃபேக்டரி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆலை அது. பக்கத்திலேயே எஞ்சின் ஆலை, படை உடுப்பு ஆலை. சேரிப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் போன வழி இது.

யார் கருணையிலும் வந்த வழியல்ல. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1943இல் மத்திய அரசு வேலைகளில் 8.33 சதவிகிதம் வாங்கித் தந்தார். 1946இல் அது 12.5 ஆனது, 1970இல் 15.

இப்போது அந்த வழியை அடைக்கிறார்கள். 2021 அக்டோபர் 1 அன்று போர்த்தளவாட வாரியத்தைக் கலைத்து, 41 ஆலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றதும் அதே ஆண்டில் தடைச்சட்டம் வந்தது. பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு போகவில்லை, சரி. ஆனால் வேலையே நிரந்தரம் இல்லையே! 2025இல் டேங்க் ஃபேக்டரி இளநிலை டெக்னீஷியன்கள் 1850 பேரைக் கேட்டது. அத்தனையும் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிஞ்சா கோட்டாவை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இன்னொரு பக்கம், 2018இல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம்: சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. அதில் வரும் தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீட்டுச் சட்டமே கிடையாது. கேட்டால் 'தகுதி, திறமை' என்பான். அறுபது வருசமா கோட்டாவில் வந்தவன் கையும் பட்டுத்தானே டாங்கி ஓடுது?

டாங்கியைக் கடையில் எவனும் வாங்க மாட்டான். வாங்குவது அரசு. 2021இல் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கொடுத்தது மக்கள் வரிப்பணத்தில். அந்தப் பணத்தில் பிழைக்கிற தனியார் கம்பெனி இடஒதுக்கீடு தரணும் என்று டெண்டரிலேயே நிபந்தனை போட்டால் என்ன? மத்திய அரசு, பொதுத்துறைக் கொள்முதலில் தலித், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களுக்கு 4 சதவிகிதம் என்று 2012லேயே ஆணை இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர் எத்தனை பேர், அவர்களுக்கு வந்த ஆர்டர் எத்தனை?

தோழர்களே, கேட்டால்தான் கணக்கு வெளியே வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம்: எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ஒப்பந்தம், ரோஸ்டரில் நிரப்பாத இடம் எத்தனை, 4 சதவிகிதம் யாருக்குப் போனது. மாணவர்கள் எழுதட்டும், சங்கத் தோழர்கள் பதிலை வாங்கி ஆலை வாசலில் ஒட்டட்டும். தனியார் துறை இடஒதுக்கீட்டுப் போராட்டத்தை ஆவடியிலிருந்தே தொடங்கலாம்.