டொபி போத்தல் கைமாறிய கதை

கண்ணாடிப் போத்தல் வரிசை, தகர மூடி, உள்ளே பல்லிமுட்டாய், தோடம்பழ இனிப்பு, இஞ்சி டொபி. பக்கத்தில் கச்சான் அல்வா. மாதத்துக்கு ஒருதரமாவது இப்படி ஒரு படம் என் ஃபோனுக்கு வந்துவிடும், தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது விளங்கும் என்ற குறிப்போடு. அனுப்புறவங்களில் பாதிப்பேர் என்னைப்போல 2000க்குப் பிறகு பிறந்தவங்க! அது பரவாயில்லை, ஏக்கத்துக்கு வயதெல்லை இல்லை. படத்துக்குக் கீழே வழக்கமாக வரும் ‘காலம் மாறிப்போச்சு’ என்ற வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

காலம் நடந்து வந்து கடையைப் பூட்டுமா? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் கைமாறியதற்குத் திகதி இருக்கு, சட்ட இலக்கமும் இருக்கு.

செட்டியார் தெருவையும் புறக்கோட்டையையும் அண்டிய இடங்களில் இந்தியாவில் இருந்து வந்தவர்களின் கடைகள் நிறைய இருந்தன. பெயர்களைப் பாருங்களேன்: மஸ்கட், பொம்பாய் முட்டாய். ஆடிவேல் காலத்தில் சிங்களப் பிள்ளைகளும் ஆசைப்பட்டுத் தின்ற சாமான். பெயரிலேயே கடல் கடந்த ஊர்கள். பிறகு 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு தலைவர்கள் கையெழுத்து வைத்தார்கள். நாங்கள் இதை மலையகப் பாடமாக மட்டும் படிக்கிறோம். கொழும்பில் கல்லாவில் இருந்த ஆட்களுக்கும் அந்தச் சட்டம்தானே?

அடுத்தது 1983. ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த கடைகளின் கதை வீட்டுக்கு வீடு இருக்கு, அதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டில்தான் கார்கில்ஸ் தன் முதல் ஃபுட் சிட்டியைத் திறந்தது. ஒன்று மற்றதுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எரிந்த இடத்தில் திரும்பவும் போத்தல் அடுக்கியவர், கூடை தூக்கிக்கொண்டு தானே எடுத்துப்போடும் வாடிக்கையாளரோடும் போட்டி போட வேண்டியிருந்தது. டெல்ட்டா டொபியோடு தொழில் தொடங்கிய உபாலி விஜேவர்தன விமானத்தோடு காணாமல்போனதும் அந்த வருடம் பெப்ரவரியில்தான். இனிப்புக்கு என்ன ராசியோ.

எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த மாற்றத்தில் நெருப்பில்லை. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் தயவில் பழைய கடைக்காரர்கள் சிறு வாடகையோடு பல காலம் இருந்தார்கள். காணிக்காரரின் பிள்ளைகள் கனடாவில், கடைக்காரரின் பிள்ளைகளும் கனடாவில். யாருக்குக் கடை வேண்டும்? ஏதோ ஒரு தொகை பேசி எழும்பினார்கள், காணியில் ஃபிளட்ஸ் ஏறியது. கீழ்த்தளத்தில் இப்போது ஜூஸ் கடை. அந்த ஃபிளட்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டுதான் நாங்கள் டொபிப் படத்துக்கு இதயம் போடுறோம்.

ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை இன்னும் இருக்கு. பழைய முதலாளி விட்டுட்டுப் போய்விட்டார். இப்போது நடத்துறவர் ஹற்றன் பக்கத்து அண்ணா, முப்பது வயதுகூட இருக்காது. அதே கடையில் எட்டு வருடம் சம்பளத்துக்கு நின்றவர். தெருவில் அவரைப் பற்றிய பேச்சு, ‘முந்தி மாதிரி இல்லை’. போத்தல்கள் எங்கே என்று நானும் கேட்டேன்.

“தங்கச்சி, திறந்து வச்ச டொபியை இப்ப எந்த அம்மா பிள்ளைக்கு வாங்கிக் குடுக்கிறாங்க? பேக்கட்டில திகதி இருக்கா எண்டுதான் பாக்கிறாங்க. கேக்கிறவங்க எல்லாம் ஃபோட்டோ எடுக்க வாறவங்க.”

2021 ஓகஸ்ட் கடைசியில் அரிசிக்கும் சீனிக்குமாக அவசரகால விதிமுறை கொண்டுவந்த நாடு இது. சீனி விலை ஏறியபோது கடனுக்குச் சாமான் கொடுத்து அந்த வருடங்களைத் தாண்டியவர் இந்த அண்ணா, பழைய முதலாளி இல்லை. அவர் கடையை யாரிடமும் பறிக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தப்பி இங்கேயே மிஞ்சிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொட்டாஞ்சேனையில் கல்லாவில் உட்கார்வதை ஒரு நட்டமாக என்னால் எழுத முடியாது.

பழைய முதலாளிக்கு அவரை எடுபிடி வேலைக்காரனாக மட்டும்தான் தெரியும் என்று கேள்வி. போத்தல்களை விற்றுவிட்டாராம், ஒன்றைத் தவிர. அதில் சில்லறை போட்டு வைத்திருக்கிறார்.