ஏழு டி.எம்.சி.யும் இருபது ஏ.சி.யும்

போன ஐப்பசியில் ஒரு நாள், பெரியப்பா காபி டம்ளரும் கையுமாக வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, நீ காலேஜ் படிச்சவன்தானே?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ஏதோ செலவு வரப்போகிறது என்று அர்த்தம். "வெறும் பி.காம். பெரியப்பா" என்று முன்ஜாமீன் வாங்கப் பார்த்தேன்.

"அது போதும். நம்ம திருமலைராஜன் ஆத்துல தண்ணி நுரை கட்டிக்கிட்டுப் போவுது. அம்புட்டும் கடல்ல கலந்து வீணாவுது. ஒரு சக்கரத்தைப் போட்டு கரண்டு எடுத்தா என்ன? கணக்குப் போட்டுச் சொல்லு."

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்தபோது பட்டினச்சேரியில் எங்கள் தெரு மூன்று ராத்திரி இருட்டில் கிடந்தது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் இருந்ததோ ஃபிரிட்ஜில். பெரியப்பா மருந்தை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் இறக்கி, விடிய விடியப் பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த மனுஷன். அவர் பயந்து நான் பார்த்தது அந்த மூன்று ராத்திரிதான்.

ஆகவே, நோட்டும் பேனாவும் எடுத்தேன்.

தண்ணீரில் கரண்ட் எடுக்க இரண்டே இரண்டு முதல் வேண்டும். ஒன்று, விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது. இன்னொன்று, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. இரண்டையும் பெருக்கி, விடையை 9.8-ஆல் பெருக்கினால் மொத்த வரவு இத்தனை வாட் என்று வந்துவிடும். அதில் குழாய், சக்கரம், டைனமோ என்று ஆளாளுக்குக் கமிஷன் அடித்தது போக, சின்ன யந்திரங்களில் நம் கையில் நிற்பது ஏறக்குறைய பாதிதான். எனவே மனக்கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: லிட்டர் × மீட்டர் × 5 = வாட்.

மலையில் ஓர் ஓடை. 20 லிட்டர் பக்கெட் 4 விநாடியில் நிறைகிறது என்றால் விநாடிக்கு 5 லிட்டர். 20 மீட்டர் கீழே யந்திரம். ஐந்தை இருபதால் பெருக்கி, மறுபடி ஐந்தால் பெருக்கினால் 500 வாட். 'பூ, இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஓடை ராத்திரியில் தூங்குவதில்லை. 24 மணி நேரத்துக்கு 12 யூனிட்! சிக்கனமான இரண்டு, மூன்று குடும்பங்களுக்குத் தாராளம். இலங்கையின் மலைக் கிராமங்களில் 1990-களிலிருந்து ஊர்க்காரர்களே சங்கம் வைத்து இப்படி விளக்கேற்றியிருக்கிறார்கள். டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897-ல் தொடங்கிய நிலையமே வெறும் 130 கிலோவாட்தான்.

"அதான் பாரு! நம்ம ஆத்துல ஒரு பக்கெட்டா போவுது?" என்றார் பெரியப்பா.

"தண்ணி இருக்கு. உயரம்?"

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் ஊரில் மொட்டை மாடிதான் இமயமலை.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்துக்கு, அதாவது காரைக்காலுக்கு, வருஷத்துக்கு 7 டி.எம்.சி. 2007-ல் நடுவர் மன்றம் சொன்னதை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. அந்த ஏழும் சொட்டுக் குறையாமல் வந்து, வருஷம் பூரா ஒரே சீராக ஓடினால் விநாடிக்கு சுமார் 6,300 லிட்டர். எங்கேயோ தோண்டித் துருவி ஒரு மீட்டர் உயரம் கண்டுபிடித்துவிட்டோம் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தால் பெருக்குங்கள். 31,500 வாட். ஒன்றரை டன் ஏ.சி. இருபது ஓட்டலாம். ஒரு கல்யாண மண்டபத்துக்கே பற்றாது!

அதே தண்ணீர் மேட்டூரில் இருக்கும்போது கதையே வேறு. அணை நிரம்பினால் நீர்மட்டம் கடலுக்கு மேல் 790 அடி. சுமார் 240 மீட்டர். அங்கே அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம், அப்புறம் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வழிநெடுகக் கதவணைகள். இந்தக் கதவணைகள் ஒவ்வொன்றும் 30 மெகாவாட். சொத்தையெல்லாம் வழியிலேயே விற்றுவிட்டுப் பட்டப்பெயரோடு மட்டும் வந்து சேரும் ஜமீன்தார் மாதிரி, காவிரி நம்ம கடைமடைக்கு வருகிறது. வயலுக்கு ஆகும், கரண்டுக்கு ஆகாது.

பெரியப்பா விடவில்லை. "வுழ வேணாம்ப்பா, ஓடுதுல்ல? அந்த ஓட்டத்துல சக்கரம் சுத்தாதா?"

சுற்றும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றில், ஒரு சதுர மீட்டர் சக்கரத்துக்கு முன்னால் வருவது 500 வாட். மூன்றில் ஒரு பங்கு பிடித்தால் பெரிய காரியம். இரண்டு ஃபேன் ஓடும். கடல் ஏறும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் நின்றுவிடும். கோடையில் ஆறே நின்றுவிடும்.

"அப்ப மழைத் தண்ணியை மாடித் தொட்டியில சேத்து வச்சு..."

அதையும் போட்டோம். ஆயிரம் லிட்டர் தொட்டி, 10 மீட்டர் உயரம். முழுக்கத் திறந்துவிட்டால், கமிஷன் போக, 9 வாட் பல்பு ஒன்றரை மணி நேரம் எரியும். ஆனைமலையில் காடம்பாறையில் இந்த வித்தையைத்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு நேரத்தில் இறக்கி, 400 மெகாவாட். அங்கே இருப்பது மலையும் அணையும். நமக்கு இருப்பது சின்டெக்ஸ்.

பெரியப்பா முகம் வாடியது. நான் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மலை ஓடையானாலும் மாடியில் வைக்கும் சோலார் தகடானாலும் சேமிப்புக் கணக்கு ஒன்றுதான். வெள்ளத்தைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது. வறண்ட நாளில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

"இதை எனக்குச் சொல்றியா?" என்றார். "ஒரு நாள் நல்ல பாடு கிடைச்சா அதை வச்சா வருஷக் கணக்கு போடுவோம்? தடைக்காலம் 61 நாளைக்கும் அடுப்பெரியணும்ல?"

அவ்வளவுதான் விஷயம். பி.காம். மூன்று வருஷம், பெரியப்பாவுக்கு ஒரே வரி.

சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் கேட்கும். வெயில் முகம் காட்டாத இரண்டு நாளுக்கு 2 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி என்றால் எழுத்தில் 1.8 யூனிட், அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் சாகும். கைக்கு வருவது 0.9. ஆக, மூன்று பேட்டரி. விலையைச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தெருவுல இன்சுலின் போடுறவங்க நாலு பேரு. நாலு வூட்டுக்கும் நாலு ஃபிரிட்ஜ் எதுக்கு? புயல் நேரத்துல எல்லார் மருந்தும் ஒண்ணுல இருந்தா ஆவாதா?" என்றார்.

செலவை நாலில் ஒரு பங்காக்கிவிட்டார். எந்த இன்ஜினீயரும் இதைவிட மலிவாக ஒரு பேட்டரி செய்ய முடியாது.

வசூல் ஆரம்பமாகிவிட்டது. நோட்டு என்னிடம். முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே ரூ. 2,000 என்று பெரியப்பாவே எழுதிவிட்டார். செலவு வரும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனா இல்லையா?