குமிழ்கள் சொல்லும் உலகக் கணக்கு!

மாணவச் செல்வங்களே, முதலில் ஒரு கேள்வி. இலங்கை, துருக்கி என்று இரண்டு நாடுகள். ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் ஒரு நாட்டில் மற்றதைப்போல் இரு மடங்கு இருந்தது. எந்த நாட்டில்? அடுத்து மலேசியா, ரஷ்யா. இதில் எது? விடையை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது!

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கரோலின்ஸ்கா என்ற மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற பேராசிரியர் தம் மாணவர்களிடம் இப்படி ஐந்து ஜோடி நாடுகளைக் கொடுத்துக் கேட்டார். எல்லோரும் நன்றாகப் படிக்கும் மாணவர்கள். ஆனால், சராசரியாக 1.8 விடைகள்தான் சரி! பூவா, தலையா போட்டுப் பார்த்திருந்தால்கூட 2.5 கிடைத்திருக்கும். 'சிம்பன்சிக் குரங்கு கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட இவர்களை ஜெயித்துவிடும்' என்று கேலி செய்தார் ரோஸ்லிங். பிறகு, மருத்துவ நோபல் பரிசுக்கு ஆள் தேர்வு செய்யும் பேராசிரியர்களிடமும் இதே தேர்வை வைத்தார். அவர்களும் குரங்கோடு சமநிலைதான்! 2006ல் ஒரு மேடையில் அவரே சொன்ன கதை இது.

விடை என்ன தெரியுமா? அந்தக் கணக்கின்படி துருக்கியும் ரஷ்யாவும். 'ஆசியா என்றால் ஏழ்மை, ஐரோப்பா என்றால் வளமை' என்று மனசில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து விடை எழுதினால் தப்பாகத்தான் போகும். ரோஸ்லிங்குக்கே இளம் வயதில் அந்தப் படம் உடைந்தது, நம் பக்கத்து ஊரான பெங்களூரில்! 1972ல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இந்திய மாணவர்கள் சொன்ன விளக்கத்தைக் கேட்டு, 'நிபுணர்கள் வகுப்பில் நுழைந்துவிட்டோமோ' என்று நினைத்தாராம். பார்த்தால், அவர்களும் இவரைப்போல் மாணவர்கள்தான்.

பழைய படத்தைக் கழற்றினால் புதிய படம் ஒன்றை மாட்ட வேண்டுமே! ரோஸ்லிங்கும் மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தார்கள். கணிப்பொறித் திரையில் ஒரு கட்டம். அதில் ஒவ்வொரு நாடும் ஒரு வண்ணக் குமிழ். குமிழ் வலப்பக்கம் போனால் அந்த நாட்டு மக்களின் வருமானம் அதிகம். மேலே போனால் ஆயுள் அதிகம். குமிழ் பெரிதாக இருந்தால் மக்கள் தொகை அதிகம். நிறத்தைப் பார்த்தால் எந்தக் கண்டம் என்று தெரியும். ஆக, ஒரே படத்தில் நான்கு செய்திகள். ஆண்டுகளை ஓடவிட்டால் குமிழ்கள் நகரும். அதுதான் வேடிக்கை!

இதில் ஒரு நுட்பம் உண்டு. வருமானக் கோட்டில் 1000, 2000, 3000 என்று குறிக்க மாட்டார்கள். 1000, 2000, 4000, 8000 என்று சம தூரத்தில் குறிப்பார்கள். ஏன்? மாதம் 1000 ரூபாயில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இன்னொரு 1000 ரூபாய் கிடைத்தால் அடுப்பில் இரண்டாவது வேளையும் உலை கொதிக்கும். லட்ச ரூபாய் சம்பாதிப்பவருக்கு அதே 1000 ரூபாய் வந்ததே தெரியாது. வாழ்க்கையை மாற்றுவது இரட்டிப்புதான். அதனால்தான் கோட்டிலும் இரட்டிப்பு.

ஆயுள் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டின் சராசரி ஆயுள் 39 என்றால், எல்லோரும் 39 வயதில் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு குழந்தைகள் முதல் பிறந்த நாளுக்கு முன்பே இறந்துவிடுகின்றன. மற்ற ஆறு பேரும் 65 வயதுவரை வாழ்கிறார்கள். ஆறு பெருக்கல் 65, அதைப் பத்தால் வகுங்கள். 39 வருகிறதா? 1800ஆம் ஆண்டு வாக்கில் உலகில் எந்த நாட்டுக் குமிழும் 40க்கு மேல் பெரிதாக எழும்பவில்லை. பணக்கார நாடுகளிலும் தொட்டில்கள் காலியாகிக்கொண்டிருந்தன. குமிழ் கீழே கிடக்கிறது என்றால் பெரும்பாலும் பச்சிளம் குழந்தைகள் போய்விட்டன என்று பொருள்.

பொதுவாக, வலப்பக்கம் போகும் குமிழ் மேலேயும் ஏறும். ஆனால், எனக்கு மிகவும் பிடித்தது சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு குமிழ்! ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் போட்ஸ்வானா. 1966ல் சுதந்திரம் பெற்றபோது மிக ஏழை நாடு. மறு ஆண்டே ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தை வீணடிக்காமல் பள்ளிகள், மருத்துவமனைகள், சாலைகள் என்று செலவு செய்தார்கள். குமிழ் வலப்பக்கமும் மேலேயும் அழகாக ஏறி 60 வயதைத் தொட்டது. அப்போது வந்தது எய்ட்ஸ். 1990களில் வருமானம் கூடிக்கொண்டே போக, குமிழ் மட்டும் கல்லைப்போல் கீழே விழுந்தது, 50க்கும் கீழே! பெற்றோர்களும் ஆசிரியர்களும் நர்சுகளும் இளம் வயதிலேயே மாண்டார்கள். பணம் மட்டும் பார்த்தால் 'முன்னேறும் நாடு' என்று மார்க் போட்டிருப்போம், இல்லையா?

2002ல் அந்த நாட்டு அரசு எச்.ஐ.வி. மருந்தை மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. குமிழ் மறுபடி ஏறியது. 2023ல் 69ஐ எட்டிவிட்டது.

இப்படிப் பணத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். நம் அமர்த்தியா சென் அவருடைய நண்பர், கூட உழைத்தவர். 1990 முதல் ஐ.நா. வெளியிட்டு வரும் மனித மேம்பாட்டுக் குறியீடு அப்படிப் பிறந்ததுதான். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் கலந்து 0 முதல் 1க்குள் ஒரு மார்க். 2025ல் வந்த பட்டியலில் 193 நாடுகள். ஐஸ்லாந்து முதலிடம், தெற்கு சூடான் கடைசி. இந்தியாவும் வங்கதேசமும் ஒரே மார்க், 0.685 வாங்கி 130ஆம் இடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

ஆனால், 143 கோடிப் பேரை ஒரே குமிழுக்குள் அடைத்துவிட்டார்கள் என்பதை மறக்காதீர்கள். கேரளத்தைத் தனிக் குமிழாக வரைந்தால் மேலே போய் நிற்கும். உத்தரப் பிரதேசத்தை வரைந்தால் கீழே நிற்கும். ஒரே ஊருக்குள்ளும் அப்படித்தான்.

சரி, வரைபடத்தாளை எடுங்கள். கீழ்க்கோட்டில் 500, 1000, 2000 என்று இரட்டித்துக்கொண்டே 1,28,000 வரை குறியுங்கள். பக்கக் கோட்டில் 50 முதல் 90 வரை வயது. இதோ 2023ஆம் ஆண்டுக் கணக்கு, சற்றே முழுமையாக்கியது. டாலரை அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார்கள். தெற்கு சூடான்: 700 டாலர், 58 வயது. வங்கதேசம்: 8,500 டாலர், 75 வயது. இந்தியா: 9,000 டாலர், 72 வயது. இலங்கை: 12,600 டாலர், 77 வயது. ஜப்பான்: 48,000 டாலர், 85 வயது. அமெரிக்கா: 74,000 டாலர், 79 வயது.

குமிழ் வரையும்போது ஒரு எச்சரிக்கை. மக்கள் தொகை நான்கு மடங்கு என்றால் விட்டத்தை இரண்டு மடங்குதான் ஆக்க வேண்டும். பரப்பளவு தானாக நான்கு மடங்கு ஆகிவிடும். விளம்பரங்களில்கூட இதைத் தப்பாக வரைகிறார்கள்!

வரைந்து முடித்ததும் அமெரிக்கக் குமிழையும் ஜப்பான் குமிழையும் உற்றுப் பாருங்கள். எது வலப்பக்கம், எது மேலே? பிறகு இந்தியாவையும் வங்கதேசத்தையும் பாருங்கள். ஏன் அப்படி என்று நாளைக்கு உங்கள் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.