பெருந்தொற்றும் மக்கள் வாழ்நிலையும்

கொள்ளை நோய் பரவும் காலத்தில் நாம் மருத்துவரைத் தேடுகின்றோம். நுண்ணுயிரியல் அறிஞரின் சொல்லுக்குக் காத்திருக்கின்றோம். அது முறையே. ஆயினும், கிருமி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லும் வழி, மாந்தர் உண்ணும், உறங்கும், தொழில் செய்யும், தொழும், துக்கம் கேட்கும் முறைகளின் ஊடாகவே அமைகின்றது. அவ்வழியை ஆராய்வன சமூகவியலும் உளவியலும் மானிடவியலும் ஆகும். 2020ஆம் ஆண்டில் தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்றின்போது இத்துறைகளின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே நம் கருத்து. 'மக்கள் கட்டுப்படவில்லை' என்னும் வசை எளிதாக எழுந்தது. அவர்கள் ஏன் கட்டுப்பட இயலவில்லை என்னும் வினாவோ அருகியே எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக வரலாறு போற்றும் மணிமங்கலம், இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை அண்டி வாழும் ஊர்களுள் ஒன்று. இவ்வட்டாரத்தில் தென்மாவட்ட இளைஞரும் வடமாநிலத் தொழிலாளரும் வாடகை அறைகளில் பலராகச் சேர்ந்து தங்குகின்றனர். பகல் ஷிப்டுக்குச் சென்றவர் விட்ட பாயில் இரவு ஷிப்டு முடித்தவர் வந்து படுப்பதும் உண்டு. ஒரே குழாய், ஒரே கழிப்பறை, ஒரே கம்பெனிப் பேருந்து. விலகி நிற்க வேண்டும் என்ற அறிவுரை இவர்கள் செவிக்கு எட்டாமலில்லை. விலகி நிற்க இடந்தான் இல்லை.

2021 மே மாதம், இரண்டாம் அலை கடுமையாக வீசிய வேளையில், ஒரகடம் ரெனால்ட்-நிசான் கார் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. ஆலைக்குள் உரிய இடைவெளி பேணப்படவில்லை என்பது அவர்தம் முறையீடு. நிர்வாகம் அதனை மறுத்தது. அம்மாத இறுதியில் ஆலை சில நாள்கள் மூடப்பட்டது. அரசு அதிகாரிகள் நேரிற் சென்று பார்வையிடுமாறு நீதிமன்றம் பணித்தது. அதே வாரத்தில் ஹூண்டாய் ஆலைத் தொழிலாளரும் வேலையை நிறுத்தி அமர்ந்தனர். அங்கும் உற்பத்தி சில நாள்கள் நின்றது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. கார்கள் வரிசையாக நகர்ந்து வரும் தளத்தில், இரு தொழிலாளர்க்கு இடையிலான தூரத்தை முடிவு செய்வது அவர்தம் விருப்பமன்று. அவ்வரிசையின் வேகமும் நெருக்கமுமே. ஒருவர் தம் வேலையை முடிக்குமுன் விலகினால் அடுத்த கார் வந்து நிற்கும். அங்கே சுவரொட்டியால் பயனில்லை. வரிசையில் இடையிடையே ஓரிடத்தை வெறுமையாக விட வேண்டும். இதைக் கூற மருத்துவப் பட்டம் தேவையில்லை. வேலை நடக்கும் விதத்தை அருகிருந்து காணும் கண் வேண்டும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். 'சமூக விலகல்' என்று மொழிபெயர்த்தார்கள். தீண்டாமையின் வடு ஆறாத நாட்டில், அச்சொல் யாருக்கு எப்பொருள் தரும் என்று மொழிபெயர்த்தோர் எண்ணினரா? உலக நல்வாழ்வு அமைப்பே 2020 மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்ற பொருளுடைய சொல்லை விரும்பி ஏற்றது. 'தனிமனித இடைவெளி' என்ற நல்ல தமிழ் பிற்பாடு வழங்கலாயிற்று. தமிழ்த்துறையார்க்கு நோய்த்தடுப்பில் என்ன வேலை என்று கேட்போர்க்கு இஃதொன்றே போதிய விடை.

பழி சுமத்தும் மனநிலை நோயினும் விரைந்து பரவக் கூடியது. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்திற்குச் சென்று வந்தோரிடையே தொற்று இருந்தது உண்மை. அதனைக் கொண்டு ஒரு சமுதாயத்தையே நோயின் உருவாகக் காட்டியது கொடுமை. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அந்நாளைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேண்டுகோள் விடுத்ததை இங்கு நன்றியுடன் குறிப்பிடல் தகும். குற்றவாளி போல் பெயர் சுட்டப்படுவோம் என்று அஞ்சுபவன் சோதனைக்கு வரத் தயங்குவான், காய்ச்சலை மறைப்பான். அதனால் தீங்கு ஊர் முழுமைக்குந்தான். அதே ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் ஒன்று கல்லெறிந்தது. அதன் பின்னர் அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் தேவையே. ஆனால் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சாதி மதம் பாராது அடக்கம் செய்த முஸ்லிம் இளைஞரைக் கண்ணாரக் கண்டதும் மக்கள் அச்சத்தைக் குறைத்தது என நாம் நம்புகின்றோம்.

மக்களின் வழக்கத்தை அறிந்து செயற்பட்டால் காரியம் எளிதாகும் என்பதற்கு 2020 ரமலான் மாதமே சான்று. நோன்புக் கஞ்சியைக் கைவிடுங்கள் என்று அரசு ஆணையிடவில்லை. சமுதாயத் தலைவர்களை அழைத்துப் பேசியது. வழக்கம்போல் 5,450 டன் அரிசியை ஒதுக்கியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சாமல், அரிசியைத் தகுதியுடையோர் வீடுகளுக்கே கொண்டு சேர்ப்பதென முடிவாயிற்று. மரபு நின்றது, கூட்டம் தவிர்க்கப்பட்டது. கலந்து பேசி முடிவெடுக்கும் இம்முறை நமக்குப் புதிதன்று. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதை வழியிலேயே அறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி மூத்தோரையும் தனித்தனியே அழைத்துக் கருத்துக் கேட்ட பின்னரே திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லற்க, நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறற்க என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய அறிவுரையும் அவ்வேளையில் எடுத்துரைக்கப்பட்டது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை யாரும் அறியார். அதற்கு முன் நம் கல்லூரித் தமிழ்த்துறையும் சமூகவியல் பயில்வோரும் இணைந்து மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் வரையுள்ள வாடகை அறைகளில் ஒரு கள ஆய்வு நடத்தலாம். ஓர் அறையில் எத்தனை பேர்? காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் சொல்வார்கள்? விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி உண்டா? யாருடைய சொல்லை நம்புவார்கள்: மருத்துவர், மேற்பார்வையாளர், ஊர்ப் பெரியவர், அல்லது கைப்பேசியில் வரும் செய்தி? வினாத்தாளைத் தமிழிலும் இந்தியிலும் அணியப்படுத்தினால், வரும் விடுமுறையிலேயே பணியைத் தொடங்கிவிடலாம்.